ஹையான்: காற்று உடைத்தது, கடல் கொண்டது

பிலிப்பைன்ஸ் மக்கள் யோலாண்டா என்று சொல்லும் ஹையான் சூறாவளி, 2013 நவம்பர் 8ஆம் தேதி அதிகாலை 4.40 மணிக்குக் கிழக்குச் சாமர் மாகாணத்தின் குய்வான் ஊரில் கரை தொட்டது. அங்கிருந்து லெய்ட்டே தீவின் தொலோசா, செபுவின் வடமுனையில் டான்பந்தயான், பந்தயான் தீவு, இலோய்லோவின் கொன்செப்சியோன், பலாவானின் புசுவாங்கா என்று மொத்தம் ஆறு முறை தரையேறியது. அரசுக் கணக்கில் 6,300 பேர் இறந்தார்கள், 1,062 பேர் காணாமல் போனார்கள், 28,000 பேருக்கு மேல் காயப்பட்டார்கள். 11 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமாயின. அவற்றில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை முழுக்கத் தரைமட்டம். ஏறக்குறைய 40 லட்சம் பேர் இருந்த இடத்தை விட்டுப் பெயர்ந்தார்கள்.

கடலோரத்தில் வீடு கட்டி வாழ்பவர்களையும், இப்படிப்பட்ட பேரிடருக்குப் பின் உதவிக்குப் போகிறவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். உயிர் எதனால் போனது, வீடு எந்த இடத்தில் விட்டுக்கொடுத்தது, அடுத்த மூன்று வாரத்தில் எதைச் சரியாகச் செய்தால் சாவு கூடாமல் இருக்கும் என்ற வரிசையில் பார்க்கலாம்.

முதலில் காற்றின் வேகக் கணக்கு. அமெரிக்கக் கடற்படையின் புயல் மையம் மணிக்கு 315 கிலோமீட்டர் என்றது. ஜப்பான் வானிலை நிறுவனம் 230 என்றது. இரண்டும் சரிதான். முன்னது ஒரு நிமிடச் சராசரி, பின்னது பத்து நிமிடச் சராசரி. செய்தியில் வரும் எண் எந்தச் சராசரி என்று தெரியாமல் இரண்டு புயல்களை ஒப்பிட்டு, 'போன தடவையைவிடக் குறைவுதானே' என்று வீட்டிலேயே இருந்துவிடுவது உயிரைப் பறிக்கும் தவறு.

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. மணிக்கு 230 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால் ஒரு சதுர மீட்டரில் சுமார் 255 கிலோ எடை சாய்ந்த மாதிரி. 2 சதுர மீட்டர் வாசற்கதவுக்கு அரை டன். 315 கிலோமீட்டருக்கு அதே கதவின்மேல் ஏறக்குறைய ஒரு டன். உள்ளே நான்கு பேர் சேர்ந்து முட்டுக்கொடுத்தாலும் அந்தக் கதவு நிற்காது. அதற்கு இரண்டு பக்கச் சுவரிலும் கொக்கி பதித்து, குறுக்கே கனமான கட்டை போட்டிருக்க வேண்டும்.

இவ்வளவு காற்றடித்தும் பெரும்பாலானவர்கள் இறந்தது காற்றால் இல்லை. நீரில் மூழ்கித்தான்.

புயல் எழுச்சி என்று நாம் சொல்வது, புயல் தள்ளிக்கொண்டு வரும் கடல் மட்ட உயர்வு. அதில் இரண்டு பங்கு உண்டு. புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவதால் கடல் மேலே உப்பும். காற்றழுத்தத்தை அளக்கும் அலகான ஹெக்டோபாஸ்கலில் ஒன்று குறைந்தால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். ஹையானின் மைய அழுத்தம் 895 என்று கணிக்கப்பட்டது. வழக்கமான அழுத்தம் 1010 என்று வைத்தால் இந்தப் பங்கு ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மிச்சம் முழுவதும் காற்று தள்ளிய நீர். ஆழமான கடலில் தள்ளப்பட்ட நீர் அடிவழியாகத் திரும்பிப் போய்விடும். ஆழமில்லாத, உள்ளே போகப் போகக் குறுகும் விரிகுடாவில் அதற்குப் போக்கிடம் கிடையாது, மேலே ஏறும். தக்லோபான் நகரம் அப்படியான சான் பெத்ரோ விரிகுடாவின் கோடியில் இருக்கிறது. புயலின் கண் அதற்குத் தெற்கே தொலோசா வழியாக மேற்கே போனது. வட அரைக்கோளத்தில் புயல் நகரும் திசைக்கு வலப்பக்கம்தான் காற்று கடுமையாக இருக்கும், நகரம் அந்த வலப்பக்கத்தில் சிக்கியது. முதலில் நிலப்பக்கமிருந்து அடித்த காற்று விரிகுடாவின் நீரை வெளியே தள்ளிக் கடலை உள்வாங்க வைத்தது. கண் கடந்ததும் காற்று திசை மாறி அந்த நீரை எல்லாம் திருப்பி அனுப்பியது. 5 முதல் 6 மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல். பல தெருக்களில் கணுக்கால் அளவு நீர் கூரைவரை ஏற நிமிடங்களே ஆயின.

நீரின் பலத்தைக் குறைத்து எடைபோடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்கு மேல். நொடிக்கு 2 மீட்டர், அதாவது ஆள் மெதுவாக ஓடும் வேகத்தில் வரும் நீர், மணிக்கு 208 கிலோமீட்டர் காற்று கொடுக்கும் அதே அழுத்தத்தைக் கொடுக்கும். அதோடு உத்தரமும் கப்பலும் தகரமும் மிதந்து வரும். தக்லோபானின் அனிபோங் பகுதியில் பெரிய சரக்குக் கப்பல்கள் வீடுகளின்மேல் ஏறி நின்றன. அவற்றில் ஒன்றான ஈவா ஜோஸ்லினின் முகப்பு இன்றும் அதே இடத்தில் நினைவுச் சின்னமாக இருக்கிறது. முழங்கால் அளவு நீர் வேகமாக ஓடினால் வளர்ந்த ஆளாலும் நிலைகொண்டு நிற்க முடியாது. அதனால் 'நீர் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பதற்கு அங்கே நேரமே இல்லை.

கிழக்குச் சாமரின் எர்னானி ஊரில் நடந்தது இன்னொரு பாடம். அங்கே கரைக்கு முன்னால் பவளப்பாறைத் திட்டு இருக்கிறது. பாறைத் திட்டு அலையைத் தடுக்கும், ஊரைக் காக்கும் என்று யாரும் நினைப்பார்கள். சாதாரண நாட்களில் காக்கவும் செய்யும். ஆனால் பெரிய அலைகள் கூட்டம் கூட்டமாக வந்து திட்டின்மேல் உடைந்தபோது, அந்தக் கூட்டங்களின் தாளத்தில் நீர் மொத்தமாகத் திரண்டு, சுனாமி போன்ற ஒற்றைச் சுவராக ஊருக்குள் பாய்ந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் இதை உறுதிசெய்தன. வரைபடத்தில் பாறைத் திட்டைப் பார்த்து 'இந்த ஊருக்கு ஆபத்து குறைவு' என்று குறித்துவைத்திருந்தால் அந்தக் குறிப்பை அழித்துவிட வேண்டும்.

எச்சரிக்கை வராமல் போகவில்லை. புயல் வருவது பல நாட்களுக்கு முன்பே தெரியும். எழுச்சி வரும் என்றும் சொன்னார்கள். சொன்னது ஆங்கிலத்தில், 'ஸ்டார்ம் சர்ஜ்' என்று. அந்தச் சொல் மீனவர் வீட்டில் எந்தப் படத்தையும் எழுப்பவில்லை. 'சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம்' என்று பிழைத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தமிழில் நமக்குக் கடல்கோள் என்ற பழைய சொல் இருக்கிறது, கேட்டவுடன் உடம்பு சிலிர்க்கும். குய்வானில் மேயர் அறிவிப்பில் 'தெலுப்யோ' என்ற சொல்லை எடுத்தார், ஊழி வெள்ளம் என்று பொருள்படும் சொல். அந்தச் சொல் ஆட்களைக் கிளப்பியது. இத்தனைக்கும் இந்தக் கரைக்கு இது புதிதும் இல்லை. 1897 அக்டோபரிலும் இதே சாமர், லெய்ட்டே பகுதியில் புயலோடு கடல் ஏறியதை, மணிலா வானிலைக் கூடத்தில் இருந்த ஏசு சபைத் துறவி ஹோசே அல்கே அடுத்த ஆண்டே நூலாகப் பதிவு செய்தார். ஆனால் 116 ஆண்டில் ஊர் நினைவிலிருந்து அது அழிந்துபோயிருந்தது.

ஆகவே எச்சரிக்கை எழுதுகிறவர்கள் மூன்றைச் சொன்னால் போதும்: நீர் எந்தக் கட்டடத்தின் எந்த உயரம்வரை வரும், எத்தனை மணிக்குள் கிளம்ப வேண்டும், எந்த வழியாக எங்கே போக வேண்டும். 'எழுச்சி 5 மீட்டர்' என்பதைவிட 'பள்ளிக்கூடத்தின் முதல் மாடி மூழ்கும்' என்பது ஆளைக் கிளப்பும்.

செபுவைச் சேர்ந்த கமோட்டஸ் தீவுகளில் துலாங் தியோட் என்று ஒரு குட்டித் தீவு. அங்கே ஏறக்குறைய 500 வீடுகள், ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆயிரம் பேர் வாழ்ந்த இடத்தில் இறந்தவர் ஒருவரும் இல்லை. புயலுக்கு முந்தைய நாளே தீவையே காலி செய்து பெரிய தீவுக்குப் போய்விட்டார்கள். அந்த நகராட்சியில் பல ஆண்டுகளாகவே 'பூரோக்' என்ற சின்னச் சின்னக் குடியிருப்புக் குழுக்கள் இயங்கின. எந்த வீட்டில் கிழவி இருக்கிறாள், யாரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், யாரிடம் படகு இருக்கிறது என்பதெல்லாம் குழுவின் கையில் பெயர் பெயராக இருந்தது. என்னைக் கேட்டால், ஹையான் கற்றுத்தந்ததில் மிக மலிவான, மிகப் பலன் தந்த பாடம் இதுதான். கருவி வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகமும் அதைப் புதுப்பிக்க ஓர் ஆளும் போதும்.

பாதுகாப்பு மையத்தைத் தேர்வதில் செய்த பிழைக்குத் தக்லோபான் கடுமையான விலை கொடுத்தது. காற்றைத் தாங்கும் கட்டடங்களாகப் பார்த்து ஆட்களைச் சேர்த்தார்கள். அவற்றில் பல தாழ்வான இடத்தில், கரைக்குப் பக்கத்தில் இருந்தன. மையத்துக்கு வந்து சேர்ந்தவர்களே அங்கே மூழ்கி இறந்தார்கள். கடலோரத்து உள்விளையாட்டு அரங்கில் ஒதுங்கியவர்களில் மேல் வரிசைப் படிகளில் ஏறியவர்கள் தப்பினார்கள். மையம் தேர்கிறவர்கள் முதலில் தரைமட்டம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று அளக்க வேண்டும், எதிர்பார்க்கும் எழுச்சியோடு அலை உயரத்துக்காக 2 மீட்டராவது கூட்டிப் பார்க்க வேண்டும். மாடிப்படி கட்டடத்துக்குள் இருக்கிறதா, ஜன்னல் கம்பிகள் உள்ளிருந்து திறக்குமா, கூரை தகரமா கான்கிரீட்டா என்று பார்க்க வேண்டும். அகலமான அரங்கின் தகரக் கூரை காற்றில் முதலில் போகும் வகை. ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் மூடிய இடம், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது நிவாரணத் துறையின் பொது அளவு. முதல் இரண்டு நாள் இது கிடைக்காது, 50 பேருக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். வீட்டுப் பொருளைக் காவல் காக்க ஆண்கள் பின்தங்கிவிடுவது எல்லா ஊரிலும் நடக்கும், தக்லோபானிலும் நடந்தது. அதைத் திட்டித் திருத்த முடியாது. காலியான தெருவுக்கு நகராட்சி காவல் போடும் என்ற உறுதி முதல் நாளே தெரிந்தால்தான் அவர்கள் கிளம்புவார்கள்.

இப்போது கூரை. அங்கே வீடு போன விதம் பெரும்பாலும் ஒன்றுதான். காற்று கூரையை மேலிருந்து அழுத்தி உடைப்பதில்லை, மேலே உறிஞ்சிப் பிடுங்குகிறது. முகடு, ஓரம், மூலை ஆகிய மூன்று இடத்திலும் இந்த உறிஞ்சல் நடுப்பகுதியைப் போல இரண்டு மடங்கு ஆகலாம். முதலில் ஒரு மூலைத் தகரம் கிளம்பும். அந்த ஓட்டையால் உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். அடுத்தடுத்த தகரங்கள் உரிந்துகொண்டே போகும். கூரை போனால் சுவரின் மேல்விளிம்பைப் பிடிக்க ஆளில்லை, சுவர் சாயும்.

3 மீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தகரம் 2.4 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 255 கிலோ என்றால் அதை மேலே இழுக்கும் விசை சுமார் 600 கிலோ. 12 ஆணி அடித்திருந்தால் ஒவ்வொன்றின் தலையிலும் 50 கிலோ. 24 அடித்திருந்தால் 25. மூலையில் இது இரட்டிக்கும். வழவழப்பான ஆணி ஈரமான மென்மரத்தில் இவ்வளவு தாங்காது, உருவிக்கொண்டு வரும். முறுக்கு உடலும் குடை மாதிரித் தலையும் உள்ள கூரை ஆணி வேண்டும். அதை நெளிவின் மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். ஓரத்திலும் முகட்டிலும் ஒவ்வொரு மேட்டிலும் ஓர் ஆணி, நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று. மரத்தின் மறுபுறம் நீட்டிக்கொண்டு வந்த முனையை மடக்கி அடித்தால் பிடிப்பு பல மடங்கு கூடும். தகரம் 26 கேஜ், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதைவிட மெல்லியது ஆணித்தலையைச் சுற்றிக் கிழிந்துவிடும், ஆணி மட்டும் மரத்தில் நிற்கும். மூலைகளில் ரீப்பர், அதாவது தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின் இடைவெளி 60 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது.

ஆனால் ஆணியோடு வேலை முடிவதில்லை. தகரத்தை ரீப்பர் பிடிக்கிறது, ரீப்பரைக் கைமரம், கைமரத்தைச் சுவர்மேல் உத்தரம், உத்தரத்தைத் தூண், தூணை அஸ்திவாரம். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி ஒற்றை ஆணியால் நிற்கிறதோ அங்கே அறும். ஹையானுக்குப் பின் பல இடங்களில் தகரம் ரீப்பரோடு, ரீப்பர் கைமரத்தோடு முழுசாகப் பறந்து கிடந்தன. தகரத்துக்கு நல்ல ஆணி, கைமரத்துக்கு ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு மூட்டிலும் துத்தநாகப் பூச்சுள்ள உலோகப் பட்டையைச் சுற்றி மடித்துப் பக்கவாட்டில் ஆணி அடிக்க வேண்டும். மேலிருந்து நேராக அடித்த ஆணி மேல்நோக்கிய இழுப்புக்கு எதிரே வலுவற்றது, பக்கத்திலிருந்து அடித்தது வெட்டுவிசையில், அதாவது ஆணியைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் இழுப்பில், தாங்கும். இந்த ஒரு வேறுபாட்டைத் தச்சருக்குக் கையில் எடுத்துக் காட்டினால் போதும், அதன்பின் சொல்ல வேண்டியதில்லை. கூரைச் சாய்வு 30 முதல் 45 பாகைக்குள் இருக்கட்டும், நான்கு பக்கமும் சாய்ந்தால் நல்லது. இறவாரம் ஒன்றரை அடிக்கு மேல் நீளக்கூடாது. திண்ணைக் கூரையைத் தனியாகப் போடுங்கள், அது பிய்ந்தால் வீட்டுக் கூரையை இழுத்துக்கொண்டு போகாது. சுவர்ச் சட்டங்களின் நான்கு மூலையிலும் சாய்கட்டை போடுங்கள்.

இவ்வளவும் காற்றுக்குத்தான். 5 மீட்டர் நீருக்கு இது எதுவும் பதில் இல்லை. நீர் வரும் இடத்தில் வீட்டைப் பலப்படுத்திவிட்டு உள்ளே இருப்பது, துலாங் தியோட்காரர்கள் செய்யாத காரியம்.

புயல் அடங்கிய பிறகு முதல் வாரத்தில் வரும் காயங்கள் பெரும்பாலும் கால்களில். வெட்டியது தகரமும் ஆணியும், உள்ளே போனது சேறும் கடல்நீரும். இங்கே மிகவும் கெடுதல் செய்வது நல்லெண்ணத்தில் போடும் தையல். அழுக்குக் காயத்தையும் ஆறு மணி நேரம் கடந்த காயத்தையும் உடனே தைத்து மூடக்கூடாது. உள்ளே அடைபட்ட கிருமி மூன்றாம் நாள் சீழாகி, காலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். கொதித்து ஆறிய நீரைத் தாராளமாக ஊற்றிக் கழுவி, செத்த தசையை நீக்கி, ஈரத் துணிவலை வைத்துத் திறந்தே கட்ட வேண்டும். சுத்தமாக இருந்தால் 2 முதல் 5 நாள் கழித்துத் தைக்கலாம். கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டுக்கு மேலானால் அழுக்குக் காயத்துக்கு மறுபடி போட வேண்டும். ஒருபோதும் போடாதவருக்கு எதிர்ப்புப் புரத ஊசியும் வேண்டும். டெட்டனஸ் 3 முதல் 21 நாளுக்குள் தலைகாட்டும், அதனால் காயம் ஆறிவிட்டது என்று ஆளை விட்டுவிடக்கூடாது. வாய் திறக்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் அதே மணியில் மருத்துவமனை.

எலிக்காய்ச்சல் இன்னும் தாமதமாக, பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் வரும். காய்ச்சல், கெண்டைக்கால் தசையில் கடும் வலி, கண் சிவப்பு, பிறகு சிறுநீர் குறைவு. தேங்கிய நீரில் இடிபாடு அள்ளும் தொண்டர்கள்தான் முதலில் படுப்பார்கள். தடித்த அடிப்பாகமுள்ள காலணி இல்லாத யாரையும் இடிபாட்டில் இறக்காதீர்கள்.

குடிநீரில் பிசகாமல் செய்ய வேண்டியது இது. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மட்டும் 3 லிட்டர் வரை, குளிக்கவும் சமைக்கவும் சேர்த்து 15 லிட்டர். வாசனை சேர்க்காத, 5 முதல் 6 சதவீத வீட்டுப் பிளீச் இருந்தால் தெளிந்த நீரில் லிட்டருக்கு 2 சொட்டு, கலங்கலாக இருந்தால் துணியில் வடிகட்டி 4 சொட்டு. கலக்கி அரை மணி நேரம் வைக்க வேண்டும், லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். கடல்நீர் புகுந்த கிணற்றை முழுசாக இறைத்துக் காலி செய்யும் ஆவல் எல்லோருக்கும் வரும். செய்யாதீர்கள். சுவர் உள்ளே சரியும், சுற்றிலும் இருக்கும் உப்புநீர் இன்னும் இழுபடும். குப்பையை அகற்றி அளவோடு இறைத்து, 33 சதவீத பிளீச்சிங் பவுடரை ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் கரைத்து ஊற்றி, 12 மணி நேரம் யாரும் எடுக்காமல் விட வேண்டும். 1.2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் சுமார் 3,400 லிட்டர், அதற்கு அரைக் கிலோ பவுடர். பிறகு வாடை லேசாகும்வரை இறைக்கவும். இது கிருமியைத்தான் கொல்லும், உப்பைப் போக்காது. உப்பு போக மழை வேண்டும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஒரு லிட்டர் நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிட்டால் கெடுதல், சந்தேகம் வந்தால் குறைத்துப் போடுங்கள்.

அரிசி மூட்டை கொண்டுபோகிறவர்கள் பானையையும் எரிபொருளையும் மறக்கிறார்கள். எல்லாம் அடித்துப்போன வீட்டில் பச்சை அரிசியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதல் மூன்று நாளைக்குச் சமைக்காமல் தின்னக்கூடியதும், கூடவே ஒரு பானையும் தாருங்கள். பங்கீடு தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு லெய்ட்டேயின் அலங்கலாங் ஊர் சாட்சி. நவம்பர் 12ஆம் தேதி அங்கே அரசு அரிசிக் கிடங்கைப் பசித்த கூட்டம் முட்டியபோது சுவர் சரிந்து எட்டுப் பேர் இறந்தார்கள். புயலில் பிழைத்தவர்கள் அவர்கள்.

ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ ஜன்னலடியிலோ ஓட்டாதீர்கள். 6 மீட்டராவது தள்ளி, புகை வெளியே பார்க்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே கொல்லும். கடல்நீரில் மூழ்கிய மின்கம்பி, சுவிட்சு, பிரேக்கர் எதையும் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தக்கூடாது. உப்பு உள்ளே உட்கார்ந்து பல வாரம் கழித்துத் தீப்பிடிக்கும்.

இறந்தவர்களைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. ஆனால் அதிகம் தப்பு நடப்பதே இங்கேதான். 'பிணங்கள் கிடந்தால் கொள்ளைநோய் பரவும்' என்ற பயம் எல்லா நாட்டிலும் உண்டு. அடிபட்டும் மூழ்கியும் இறந்தவர் உடலிலிருந்து ஊருக்குக் கொள்ளைநோய் பரவுவதில்லை, நோய் உயிரோடு இருப்பவர்களின் கழிவிலிருந்தே பரவுகிறது. இந்தப் பயத்தில் அவசரமாக மொத்தக் குழி தோண்டினால், பிள்ளையைத் தேடி வரும் தாய்க்கு எதையும் காட்ட முடியாது. சுண்ணாம்பு தூவுவதால் பயனில்லை, மருந்து தெளிப்பதாலும் இல்லை. வெப்ப நாட்டில் 12 முதல் 48 மணிக்குள் முகம் அடையாளம் தெரியாமல் போகும், ஆகவே முதல் வேலை படம் எடுப்பது. உடலுக்கு ஓர் எண், அதே எண் அட்டை மூன்று படத்திலும் தெரிய வேண்டும்: முழு உடல், முகம் நேராக, அடையாளம் சொல்லும் தழும்பு அல்லது நகை. எண்ணை நீர் புகாத அட்டையில் எழுதி மணிக்கட்டிலும் பையிலும் கட்டுங்கள். கிடைத்த இடம், தேதி, உடை நிறம், சட்டைப் பையில் இருந்தது எல்லாம் ஒரே ஏட்டில். குளிர்சாதனப் பெட்டி லாரி இருந்தால் 40 அடி வண்டியில் 50 உடல் வரை 2 முதல் 4 பாகைக் குளிரில் வைக்கலாம். இல்லையென்றால் தற்காலிகமாகப் புதைப்பதே மேல்: ஒன்றரை மீட்டர் ஆழ வாய்க்காலில், ஒரே அடுக்காக, உடலுக்கு உடல் 40 சென்டிமீட்டர் விட்டு, குடிநீர் ஆதாரத்திலிருந்து 200 மீட்டர் தள்ளி, மேலே எண் நட்டு. அப்போதுதான் பிறகு எடுத்துக் கொடுக்க முடியும். தக்லோபானின் ஓரத்தில் பாஸ்பர் கல்லறையில் வரிசை வரிசையாக வெள்ளைச் சிலுவைகள் நிற்கின்றன. குடும்பங்கள் வந்து ஏதோ ஒன்றில் தம் ஆளின் பெயரை எழுதிவிட்டுப் போகிறார்கள். கீழே யார் என்று அவர்களுக்குத் தெரியாது.

காணாமல் போனவர் குடும்பத்துக்குத் துக்கத்தோடு சட்டச் சிக்கலும் சேரும். உயிராபத்தில் சிக்கிக் காணாமல் போனவரைச் சொத்துரிமைக்காக இறந்தவராகக் கருத, பிலிப்பைன்ஸ் குடிமைச் சட்டம் நான்கு ஆண்டு கேட்கிறது. அதுவரை காப்பீடு, நிலப்பத்திரம், ஓய்வூதியம் எல்லாம் தொங்கலில். கூட இருந்து பார்த்தவர்களின் வாக்குமூலத்தை முதல் மாதத்திலேயே எழுதி வாங்கிவைப்பது பெரிய உதவி. ஆறு மாதம் கழித்தால் சாட்சிகள் வேறு தீவுக்குப் போயிருப்பார்கள்.

இடிபாட்டை அள்ளும் வேலைக்குக் கூலி கொடுத்தது நன்றாக நடந்த ஒன்று. தைவானின் ட்சு சி தொண்டு நிறுவனம் தக்லோபானில் ஒரு நாளைக்கு 500 பெசோ கொடுத்து, ஊர் மக்களை வைத்தே தெருக்களைத் துப்புரவாக்கியது. தெரு திறந்தது, கையில் காசு புழங்கியது, சின்னக் கடைகள் திறந்தன.

மறுகுடியேற்றம் அப்படி நடக்கவில்லை. கடலிலிருந்து 40 மீட்டருக்குள் குடியிருக்கக்கூடாது என்று அரசு அறிவித்தது. 40 மீட்டர் என்பது கேட்க எளிது. ஆனால் 6 மீட்டர் நீர் 40 மீட்டரில் நின்றுவிடாது, தட்டையான தரையில் நூற்றுக்கணக்கான மீட்டர் உள்ளே போகும். மேட்டுக் கரையிலோ 20 மீட்டரே பாதுகாப்பாக இருக்கலாம். தூரத்தை அளந்தார்கள், உயரத்தை அளக்கவில்லை. பிறகு ஆபத்து வரைபடத்தை வைத்து இடம் பிரிக்கும் முறைக்கு மாறினார்கள். நகரின் வடக்கே கட்டிய வீடுகளுக்குப் போன மீனவர்களுக்குக் குழாய்நீர் ஆண்டுக்கணக்கில் சரிவர வரவில்லை, கடலுக்குப் போக வண்டிக் கூலி. பலர் பகலில் பழைய கரைக்கே வந்து தொழில் செய்தார்கள். மீனவரை இடம் மாற்றும்போது படகையும் வலையையும் வைக்கக் கரையில் இடமும், விடியுமுன் கிளம்பும் வண்டியும் சேர்த்துத் திட்டமிடாவிட்டால் வீடு பூட்டியே கிடக்கும்.

ஆனால் எச்சரிக்கையில் ஊர் உண்மையாகவே மாறியது. 2014 டிசம்பர் 6ஆம் தேதி ஹகுபிட் சூறாவளி அதே கிழக்குச் சாமரில் தொலோரஸ் ஊரில் கரை ஏறியபோது பத்து லட்சம் பேருக்கு மேல் முன்னதாகவே வெளியேறியிருந்தார்கள். இறந்தவர்கள் இருபதுக்கும் குறைவு. அந்தப் புயல் ஹையானைவிட வலுக்குறைந்ததுதான், இருந்தாலும் அவ்வளவு பேரைக் கிளப்பியது முந்தைய ஆண்டு மறக்காததே.

மெதுவாகக் கொன்ற சேதம் தென்னையில் இருந்தது. சுமார் 3.3 கோடி மரங்கள் விழுந்தன அல்லது முறிந்தன. விழுந்த தண்டை அப்படியே விட்டால் அழுகும், அழுகினால் காண்டாமிருக வண்டு முட்டையிடும், ஓராண்டுக்குள் அது நிற்கும் மரங்களின் குருத்தைத் துளைக்கும். அதனால் விழுந்தவற்றை முதல் சில மாதத்திலேயே அறுத்து முடிக்க வேண்டும். அறுத்த மரத்தில் எல்லாப் பகுதியும் ஒன்றில்லை. வெளிவட்டமும் அடிப்பகுதியும் கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் கனம், தூணுக்கும் கைமரத்துக்கும் ஆகும். நடுத்தண்டு 400க்கும் குறைவு, பஞ்சு மாதிரி, ஆணி பிடிக்காது. அவசரத்தில் இரண்டையும் கலந்து வீடு கட்டினால் பட்டை கட்டியும் பயனில்லை. பச்சையாகவே மண்ணில் நட்ட தென்னைத் தூண் இரண்டு மூன்று ஆண்டில் அடியில் மக்கிவிடும். கான்கிரீட் பீடத்தில் உலோகப் பட்டையால் பிடித்து, மண்ணிலிருந்து ஒரு சாண் உயர்த்தி நிறுத்த வேண்டும்.

புதிதாக நட்ட நெட்டைத் தென்னை காய்க்க 6 முதல் 8 ஆண்டு. இடையில் சோளம், நிலக்கடலை, காய்கறி என்று ஊடுபயிர் போட்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள், போட வழியில்லாதவர்கள் மணிலாவுக்கும் செபுவுக்கும் கூலிக்குப் போனார்கள். 2014இல் நட்ட கன்றுகள் முதல் பாளைக்குத் தயாரான நேரத்தில், 2019 டிசம்பர் 24ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், குய்வானுக்குப் பக்கத்தில் சால்செதோவில் அடுத்த சூறாவளி கரை ஏறியது. உர்சுலா என்று பெயர்.